அழாத பெண்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழ வைப்பதில் ஊக்கம் சாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பள்ளி பள்ளியாகப் போய் ‘உன்னால் முடியும்’ என்று பயிற்சி நடத்துகிறவருக்குப் பிள்ளைகளே வைத்த பெயர் அது. கண்ணை மூடச் சொல்லிப் பெற்றோர் படும் பாட்டை எடுத்துவிடுவார். மைக்செட்காரர் புல்லாங்குழல் இசையை ஓடவிடுவார். அவ்வளவுதான், மண்டபமே மூக்கைச் சிந்தும். அழுதால்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்று மனுஷன் மனதார நம்பினார்.

அன்றும் எல்லாரும் அழுதார்கள். வேடிக்கை பார்க்க வந்த பள்ளி ஆபீஸ் அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாருக்குச் சுருக்கென்றது. ஒரு பிள்ளை தப்பினாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது.

“மேடைக்கு வாம்மா. அப்பாவுக்குப் போன் போட்டு நன்றி சொல்லு, பார்ப்போம்.”

“இப்ப வேணாம் சார். அம்மாவுக்கு உடம்பு முடியல. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு.”

“அப்படின்னா கண்டிப்பா பேசணும். உன் குரலக் கேட்டா அவருக்கும் தெம்பா இருக்கும்ல?”

பெரியவர் சொல்லும்போது பிள்ளை என்ன செய்யும்? நம்பரைச் சொன்னாள். சார் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அப்பா, நான்தான்.”

“கண்ணு… டீச்சர் சொல்லிட்டாங்களா? ஸ்கூல் ஆபீஸுக்கு எத்தனை தடவ அடிச்சேன், யாருமே எடுக்கலையேம்மா. அம்மா நம்மள விட்டுட்டுப் போயிட்டாடா.”

அப்பா பேசியதும் கைதட்ட வேண்டும் என்று சார் முன்பே சொல்லிவைத்திருந்தார். பின்வரிசைக்காரர்கள் விஷயம் புரியாமல் தட்டினார்கள். மைக்செட்காரர் பழக்கதோஷத்தில் புல்லாங்குழலைப் போட்டார். ஐயோ, நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தார் சார். எத்தனையோ மேடை கண்ட வாய், சத்தமே வரவில்லை. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு பதறியது.

அந்தப் பெண்ணே போனை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“என்னம்மா அங்க சத்தம்?”

“ஒண்ணுமில்லப்பா. ஸ்கூல்ல நிகழ்ச்சி.”

“நீ அழாதடா. அப்பா இதோ வந்துடறேன்.”

“நான் அழலப்பா,” என்றாள். மைக்கில் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “நீங்க காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”