பதினாலாம் நம்பர் புடவை

சோப்பு போட்டாயிற்று, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாயிற்று, போகவில்லை. லில்லி அம்மாவின் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தாள். உள்ளங்கையில் இருந்தது கொஞ்சம் வெளுத்திருந்தது. நகக்கண்களில் இருந்த நீலம் மட்டும் அப்படியே நின்றது.

"உடு லில்லி" என்றாள் பக்கத்து வீட்டு லோகாம்பாள், செம்பில் தண்ணீரை மொண்டபடி. "சாயம் அது. உசுரோட இருக்கறவங்களுக்கே பத்து நாளாவும் போறதுக்கு. எங்க வூட்டுக்காரரு பச்சைக் கையோடதான் எனக்குத் தாலி கட்டினாரு."

லில்லி சிரிக்கவில்லை. லோகாம்பாளும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

லோகாம்பாளின் கணவர் நமச்சிவாயம் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சாயத் தொட்டியில்தான் முந்தாநாள் அம்மா, மரியாளின் உடுப்பை முக்கி எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை சர்ச்சில் பிள்ளைகள் நாடகம் போடுவார்கள். மூன்று வருஷமாக அந்த உடுப்புகள் எல்லாம் அம்மா அங்கம்மாளின் கைவேலை. மரியாளுக்கு நீலம், குழந்தை இயேசுவைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகளுக்கு மஞ்சள், தேவதூதர்களுக்கு வெள்ளை. பட்டுக்குப் போடும் சாயம் பருத்தியில் நிற்காது. ஒரு துவையலில் பாதி போய்விடும், தொட்டவர் கையிலும் ஒட்டும். அதனால் வருஷா வருஷம் மறுபடி முக்க வேண்டும், பிழிய வேண்டும், மார்கழிப் பனியில் காயப்போட வேண்டும்.

நேற்று சாயங்காலம், இன்னும் ஈரம் போகாத உடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் சர்ச் பெஞ்சுகளின் மேல் விரித்துவிட்டு வந்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். அரை டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தாள். விடிந்து பால்காரர் குரல் கொடுத்தபோது லில்லி போய்த் தொட்டுப் பார்த்தாள். கால் சில்லிட்டிருந்தது.

சேதி பரவியதும் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்வீட்டில் கலியாணப் புடவை ஒன்று நாளைக்குள் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டியது. அந்தத் தறியும் நின்றது. யாரும் போய் நிறுத்தச் சொல்லவில்லை.

சர்ச்சிலிருந்து மணியடிக்கிறவர் வந்தார். கமிட்டி கூடிப் பேசியதைத் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார். ஆறு மணிக்கு நாடகம். மெட்ராஸிலிருந்து மிஷன் பெரியவர்கள் வருகிறார்கள். ஆகையால் மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும். உள்ளே தோரணமெல்லாம் கட்டியாகிவிட்டதால் பெட்டியை வாசல்படியில் வைத்து ஜெபம் பண்ணிவிடலாம்.

"வாசல்லயா?" என்றாள் லில்லி.

போன வருஷம் இதே மாதம் வக்கீல் தனசேகரனின் அப்பா போனபோது, கட்டிய தோரணத்தை ஏணி போட்டு அவிழ்த்து, அடக்கம் முடிந்ததும் திரும்பக் கட்டியவர் இதே மணியடிக்கிறவர்தான்.

தண்ணீர் ஊற்றி முடித்து, அம்மாவைத் துடைத்துப் பாயில் கிடத்தினார்கள். இனிப் புடவை. கலியாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவை பெட்டியின் அடியில் இருக்கும் என்று லில்லிக்குத் தெரியும். தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். நாலு நூல் புடவை, அப்பாவின் மூக்குக்கண்ணாடி, பள்ளிக்கூட டைரிகள். அடியில் வெள்ளைப் புடவை இருந்தது, ஓரத்தில் விரற்கடை ஜரிகையோடு. அதற்கும் அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் மூன்று துணிச் சுருள்கள்.

ஒன்றைப் பிரித்தாள். புடவை ஓரத்திலிருந்து கத்தரித்த ஒரு சாண் துண்டு. அதில் ஊதா மையில் வட்டமாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு. மாதர் சங்கம், கிறிஸ்துமஸ் தர்மம். விற்பனைக்கல்ல.

மற்ற இரண்டும் அப்படியே.

அங்கம்மாள் இருபத்திரண்டு வருஷம் அந்த சர்ச்சில் சோறு வடித்தவள். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் ஊர் ஏழைகளுக்கு விருந்து. விடியற்காலை மூன்று மணிக்கே போய் அண்டாவை ஏற்றுவாள். ஐந்நூறு பேர் சாப்பாட்டுக்கு உப்பை உள்ளங்கையால் அளந்து போடுவாள், ஒரு வருஷமும் கூடினதுமில்லை, குறைந்ததுமில்லை. பந்தி உட்கார்ந்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் கரண்டி அவள்தான் போடுவாள். கணவர் மாசிலாமணி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். அவர் கையில் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே வருவார்.

அவர் இறந்த வருஷம் அறுபத்தைந்து. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் மூன்று மணிக்கே போய் அண்டாவை ஏற்றினாள். பந்தி உட்கார்ந்தது. கரண்டியை எடுத்தபோது, மாதர் சங்கச் செயலாளர், வக்கீல் தனசேகரனின் மனைவி, வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவளை செகரெட்டரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இனிமேல் நீங்கள் கஷ்டப்படக் கூடாது அங்கம்மா, நீங்கள் உட்காருங்கள், நாங்கள் போடுகிறோம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். கோபப்படக்கூட இடம் வைக்காத அன்பு. அங்கம்மாள் பந்தியில் உட்கார்ந்தாள். தான் வடித்த சோறு தன் இலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்ததும், ஆதரவற்ற விதவைகள் வரிசையில் நம்பர் எழுதிய அட்டையோடு நிற்க வைத்தார்கள். பதினாலாம் நம்பர். வெள்ளை நூல் புடவை ஒன்றைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த ஜூன் மாதமே லில்லிக்குத் தென்னேரிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது. ஆனால் எழுதிய பட்டியலை யாரும் திருத்தவில்லை. அறுபத்தாறிலும் பதினாலு, அறுபத்தேழிலும் பதினாலு. லில்லியே ஒருநாள் சொன்னாள், துணி துணிதானேம்மா, எடுத்துக் கட்டிக்கொள்ளேன் என்று. அம்மா அவளைப் பார்த்துவிட்டு, அடுப்பில் விறகைத் தள்ளப் போய்விட்டாள். இப்போது அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இதோட மிச்சம் எங்கக்கா?" என்றாள் லில்லி, துண்டுகளைக் காட்டி.

லோகாம்பாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "நெசமாவே தெரியாதா உனக்கு? மூணு வருசமா ஒரே வூட்டுல இருந்துக்கினு?"

"எது அக்கா?"

"மரியாளு கட்டிக்கினு நிக்குறாளே, அது இன்னா? சாஸ்திரிங்க போட்டுக்கினு வராங்களே, அது இன்னா? இந்த வருசம் தேவதூதரு இறக்கையெல்லாம் இன்னா?" லோகாம்பாளின் வாய்க்கோணத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாயைப் பார்த்ததும் அடங்கியது. "நான் கேட்டேன், ஏன்க்கா இப்பிடி நல்ல துணியக் கிழிக்கிறன்னு. போட்டுக்கினா நான் வாங்கினவடி, இப்பிடின்னா குடுத்தவன்னு சொன்னாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க."

லில்லி மூன்று துண்டுகளையும் சேர்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அம்மாவுக்கு வெள்ளைப் புடவையைக் கட்டிவிட ஆரம்பித்தாள்.

பதினொரு மணிக்கு மாதர் சங்கம் வந்தது. நாலு பேர், முன்னால் செகரெட்டரியம்மா. கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். வந்ததும் குனிந்து அங்கம்மாளின் நெற்றியைத் தொட்டாள், கண்ணை ஒற்றிக்கொண்டாள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் லில்லிக்குத் தாங்கவில்லை. கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, அங்கம்மாவைப் போல ஒரு தியாகம் இந்தச் சபையில் கிடையாது, நாடக உடுப்புக்குத் துணிக்குக்கூட சங்கத்தில் கேட்கவில்லை, இல்லாத நிலையிலும் தன் கைக்காசில் வாங்கினார்கள், ஏழையின் காணிக்கை என்றால் இதுதான் என்று சொன்னாள். லோகாம்பாளுக்கு இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். புதுப் புடவை. நாளைக்குக் கொடுக்க வேண்டியதை இன்றைக்கே எடுத்து வந்திருப்பதாகச் சொன்னாள். மடிப்பின் மேல் குண்டூசியில் குத்திய அட்டை, 14. ஓரத்தில் ஊதா வட்டம், இன்னும் மை நாற்றம் போகாமல். அதை விரித்து, கலியாணப் புடவை தெரியாதபடி அங்கம்மாளின் மேல் போர்த்தினாள். கைப்பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையையும் எடுத்தாள்.

"கை அழுக்கா இருக்குது பாரும்மா. பெரியவங்க வர்ற நேரம். இதப் போட்டு விட்டுடு."

லில்லி எழுந்தாள். புதுப் புடவையை அம்மாவின் மேலிருந்து எடுத்தாள். இழுக்கவில்லை, நிதானமாகத்தான் எடுத்தாள். மடிப்பு கலையாமல் மடித்தாள். அட்டையை மேலே தெரியும்படி வைத்து, அதன் மேல் கையுறைகளையும் வைத்து, செகரெட்டரியம்மாவின் மடியில் வைத்தாள்.

"இது எங்கம்மாவுது இல்லைங்க. பதினாலாம் நம்பருது."

"என்னம்மா லில்லி, துக்கத்துல..."

"துக்கந்தாங்க. ஆனா நெனவோடதான் பேசறேன். எங்கம்மா அவங்க புடவையிலதான் போவாங்க. கையும் இப்பிடியேதான் இருக்கும்."

இடுப்பிலிருந்து எடுத்து லில்லி கைக்குள் வைத்துக்கொண்ட துண்டுகள் வேர்வையில் நனைந்திருந்தன. ஒரு விரலைப் பிரித்தால் போதும், செகரெட்டரியம்மாவின் மடியில் அவையும் விழும். இப்போது வேண்டாம் என்று நினைத்தாள். வாசலில் வைத்து ஜெபம் பண்ணப் போகிறார்கள் அல்லவா, அங்கே, எல்லோர் முன்னாலும்.

மூன்று மணிக்குப் பெட்டி சர்ச் வாசலுக்கு வந்தது. ஒரு பக்கம் சர்ச் ஆட்கள் தூக்கினார்கள், மறுபக்கம் நமச்சிவாயமும் தறிக்காரர்களும். படிக்குக் கீழே இரண்டு பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தார்கள். தலைக்கு மேலே காகித நட்சத்திரம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒத்திகை. ஆர்மோனியம் பாதிப் பாட்டில் நின்றது. உடுப்போடு பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்து படிகளில் நின்றார்கள். மஞ்சள் சாஸ்திரிகள், ஒரு இறக்கை தொங்கிப்போன தேவதூதன், நடுவில் நீல முக்காட்டோடு மரியாள். செகரெட்டரியம்மாவின் பேத்தி, எட்டு வயசு.

போதகர் அவசரமில்லாதது போல அவசரமாக வாசித்தார். வேத வசனம், ஜெபம், பிறகு மறைந்தவரைப் பற்றி நாலு வரி. காகிதத்தைப் பார்த்து, "நமது சபையின் ஆதரவற்ற விதவைகளில் ஒருவராகிய..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா" என்றாள் லில்லி.

அவர் நிமிர்ந்தார்.

"இருவத்திரண்டு வருஷம் இந்த சர்ச்சுல சோறு வடிச்சவங்கன்னு சொல்லுங்க."

"லில்லி, ஜெபத்துக்கு நடுவுல..."

"எழுதியிருக்கறத அடிச்சிட்டுச் சொல்லுங்க ஐயா. நாங்க இருக்கோம். மூணு மணிதான் ஆவுது."

நமச்சிவாயம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தறிக்காரர்களும் நின்றார்கள். யாரும் நகர்வதாக இல்லை. போதகர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம், என்றார். அப்புறம், தானே அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருப்பதாகச் சொன்னார்.

லில்லி வலது கையை முந்தானைக்கு வெளியே எடுத்தாள். துண்டுகள் கைக்குள் இருந்தன. சொல்ல வேண்டிய வார்த்தைகள் காலையிலிருந்து வாயில் தயாராக இருந்தன. படிகளைப் பார்த்தாள். தொங்கிய இறக்கையைத் தேவதூதன் தானே தோளில் செருகப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால், அடுத்த நிமிஷம் அந்த உடுப்புகளையெல்லாம் கழற்றிவிடுவார்கள்.

"என்னடி இது?"

செகரெட்டரியம்மாதான். பேத்தியின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் காயாத துணி. குழந்தையின் முழங்கையிலிருந்து விரல்வரை நீலம். கழுத்திலும் ஒரு கோடு. செகரெட்டரியம்மா வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து எச்சில் தொட்டு அவள் விரல்களைத் தேய்த்தாள். இன்னும் மூன்று மணி நேரத்தில் பெரியவர்கள் வந்துவிடுவார்கள்.

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. திறந்திருந்த பெட்டிக்குள், வெள்ளைப் புடவையின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்த கைகளைப் பார்த்தது. நகங்களைப் பார்த்தது. பிறகு தன் இன்னொரு கையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டது.

லில்லி குனிந்து, அம்மாவின் கைகளுக்கு அடியில் மூன்று துண்டுகளையும் செருகினாள். மேலே புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"பத்து நாள் ஆவுங்க, அது போறதுக்கு" என்றாள் நிமிராமலே.

பெட்டியை மூடினார்கள். தூக்கினார்கள். சாலை திரும்பும் இடத்தில் லில்லி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நட்சத்திரத்துக்குக் கீழே, படியில் உட்கார்ந்து, செகரெட்டரியம்மா இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டை முழுக்க நீலமாகியிருந்தது.