தூக்கிப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

திருநகர் பாண்டிமீனாவுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் போன ஐப்பசியில் புகைந்து போயிற்று. கேபினெட்டோடு சும்மா வந்த பவர் சப்ளை என்கிற கரண்ட் பெட்டி, தான் செத்ததோடு நிற்காமல் போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த டிஸ்கில் ஒரு பெண்ணின் கல்யாணம் முழுசாக இருந்தது. அதைப் பெண்ணின் அம்மாவிடம் மீனாவேதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் இந்த முறை புதுக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கி, தானே பூட்டுவதென்று உட்கார்ந்துவிட்டாள். மற்றதெல்லாம் வந்தாயிற்று, பவர் சப்ளைதான் பாக்கி. அவள் விசாரித்து முடிப்பதற்குள், புருஷன் சிவபாண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். அவள் வெயிலில் அலையக் கூடாதாம்.

சிவபாண்டி திருமங்கலம் சந்தையில் ஆட்டு வியாபாரி. கிடாயைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிவிடுவான். சும்மா சொல்லக் கூடாது, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கடையிலும் அதே வித்தையைக் காட்டி, இருந்ததிலேயே கனமான பெட்டியை எடுத்து வந்திருந்தான். கனமாக இருந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று கடைக்காரரும் தலையாட்டினாராம். அது பொய்யுமில்லை, மீனாவும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தாள்.

ஆனால் பெயர் தெரியாத கம்பெனி. ஒயரைப் பார்த்தால் நூல் மாதிரி இருந்தது. வேண்டாம் என்றால் பாவம், மனுஷன் முகம் சுண்டிப் போகும். மாட்டிவிட்டால் இன்னொரு வீட்டுக் கல்யாணம் புகையாகும். சாயங்காலம் வரை யோசித்தவள், கடைசியில் ஸ்க்ரூடிரைவரோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிராதீங்க. மாட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா தெறந்து பாத்துர்றேன்."

திறந்தாள். உள்ளே இருக்க வேண்டிய சாமானில் பாதியைக் காணோம். ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள், கனத்துக்கு!

சந்தையில் ஆட்டுக்கு வயிறு முட்டத் தண்ணீரைப் புகட்டி எடை ஏற்றுகிறவர்களைக் கண்டுபிடித்து, நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறவன் சிவபாண்டி. அவன் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மீனாவுக்குப் பக்கென்றது. பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னையவே ஏமாத்திப்புட்டாய்ங்க மீனா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளும் சேர்ந்துகொண்டாள், அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் இருவருமாக டவுனில் வேறொரு கடைக்குப் போனார்கள். முழு லோடில் எவ்வளவு வாட் நிஜமாகத் தாங்கும், கரண்ட் ஏறி இறங்கினால் தானே அணைந்துகொள்ளுமா, வாரண்டி எத்தனை வருஷம் என்று மீனா கேட்டாள். கடைக்காரரோ ஒவ்வொரு பதிலையும் சிவபாண்டியைப் பார்த்தே சொன்னார். கேபினெட்டோடு வருவதே போதும் சார், வீட்டு உபயோகம்தானே என்றார். மீனாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பொறுத்துக்கொண்டாள்.

சிவபாண்டி பொறுக்கவில்லை.

"அண்ணே, நான் ஆட்டு யாவாரி. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாதுன்னு நேத்துதான் தெரிஞ்சுச்சு. மிஷினு அவளுது, தொழிலும் அவளுது. அவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

இப்படி ஊரறிய அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கடைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, சொல்லுங்கம்மா என்றார். மீனா முதல் கேள்வியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.