சேலையின் மறு முனை

தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் சேலையைக் கம்பியில் விரித்தபோதே, இது மழையிடம் மாட்டத்தான் போகிறது என்று மனதில் பட்டது. வேறு வழியில்லை. மகள் ஜொய்சிக்கு டீச்சர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, நாளைக் காலை ஒன்பது மணிக்கு, இரத்தினபுரியில். கடிதம் தோட்டத்து ஆபீசில் ஐந்து நாள் தூங்கிவிட்டு நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை அந்த வெள்ளை வாயில் துணிதான். அதையும் குருத்து ஞாயிறன்று கோயிலுக்கு உடுத்திப் போய்க் கரையெல்லாம் சேறாக்கி வைத்திருந்தாள். விடியும் முன்பே துவைத்து, கஞ்சி போட்டு, உதறி விரித்தேன். அவள் சான்றிதழ்களைப் போட்டோ கொப்பி எடுக்கக் கஹவத்தைக்குப் பஸ் ஏறினாள். நான் ரப்பர் பால் வெட்டப் போனேன்.

எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்து மூன்று வருஷம். வீட்டில் இஸ்திரிப் பெட்டியும் உண்டு. ஆனால் அந்தப் பங்குனியில் நாடு முழுக்க மின்வெட்டு. போதாததற்கு, ஈரத் துணியைப் பெட்டியால் காயவைக்கப் போய் ஒரு ரவிக்கையைக் கருக்கியவள் நான். அன்று அடுத்த வீட்டு ஜெயம்மா அதைத் தூக்கிப் பார்த்து, "வெயில் சும்மா கெடக்குது லூர்து, அத விட்டுட்டு கரண்டப் போயி கூப்புடுறியே" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. அப்போது வராது.

துணி காயப்போடுவதில் ஜெயம்மாவை அடித்துக்கொள்ளப் பத்து வீட்டு லயத்தில் ஆளில்லை. அவளோடு பேச்சை நிறுத்திய இந்த ஆறு மாதத்திலும் இதை மனதுக்குள் ஒப்புக்கொண்டேதான் இருந்தேன். சுற்றிலும் ரப்பர் மரம். எங்களுக்கு வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். ஒன்பது மணிக்குப் பலாமரத்துப் பக்கம், பதினொன்றுக்கு நடுவில், பிறகு குழாயடியில். அதற்கேற்பத் துணியை நகர்த்திக்கொண்டே போவாள். ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் கனத்த சாரமெல்லாம் காற்று நுழையும் ஓரத்தில், சாயம் போகிற துணி நிழலில். மாசியில் மரங்கள் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் இரண்டு வாரத்தில், வருஷத்துக் கம்பளிகளையெல்லாம் துவைத்து முடித்துவிடுவாள். நான் வீம்புக்காரி, கேட்டுப் படிக்கமாட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துப் படித்தேன்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால், வீட்டில் இருப்பவர் யாரோ அவர் எல்லா வீட்டுத் துணியையும் எடுத்துவிட வேண்டும். பேச்சில்லாதவர்கள் துணியை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் அதிலிருந்து இன்னொரு சண்டை கிளம்பும். விரலில் வெட்டுக் கத்தி பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, அன்று வீட்டில் இருந்தவள் ஜெயம்மா ஒருத்திதான். காலையில் அவள் வாசல்வரை போனேன். சேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

சண்டை ஐப்பசி அடைமழையில் வந்தது. கோயிலில் பாட ஜொய்சி உடுத்தும் வெள்ளைக் கவுன் மூன்று நாளாகக் காயவில்லை. ஜெயம்மா இரக்கப்பட்டு அதை எடுத்துப் புருஷன் ஏழுமலையிடம் கொடுத்துவிட்டாள். அவர் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகையறையில் வேலை செய்பவர். ஷீட்டுகளுக்கு நடுவே கவுனையும் தொங்கவிட்டார். நன்றாகத்தான் காய்ந்தது. ஆனால் குடிக்கிற சாயத்தண்ணி நிறத்தில், கருவாடு மாதிரி நாறிக்கொண்டு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். "ஒம் மக படிக்காம கார்மெண்டு வேலைக்குப் போனான்னு எம் மகளையும் கெடுக்கப் பாக்குறியா?" என்று லயமே கேட்கக் கத்தினேன். ஜெயம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சேலையைக் காயப்போட்ட அன்று பதினொரு மணிக்கு மலைக்கு மேல் மேகம் கறுத்தது. மரங்களில் கட்டிய சிரட்டைகளில் பால் நிறைந்திருந்தது. மழைத்தண்ணி விழுந்தால் அத்தனையும் வீண். கங்காணி அவசரப்படுத்த, மரத்துக்கு மரம் ஓடிப் பாலைச் சேர்த்தேன். கை வாளியில் இருந்தது, மனம் கம்பியில் இருந்தது. பெரிய துளியாக விழ ஆரம்பித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்கு என் பிள்ளை பழைய பாவாடை சட்டையில் போய் அந்த அதிகாரிகள் முன்னால் நிற்பாள். என் வாயால் வந்த வினை.

பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்தபோது மழை விட்டிருந்தது. கம்பி காலி. ஜெயம்மா வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் பாயை விரித்து, வீடு வீடாகத் துணி மடித்து வைத்திருந்தது. கடைசியில் என்னுடைய உள்பாவாடையும் ரவிக்கையும்கூட இருந்தன. சேலை இல்லை.

லயத்துக்கு மேலே, காலையில் நாங்கள் வரிசையாக நின்று வேலை வாங்கும் பெரட்டுக் களத்தில், பேச்சுக் குரல் கேட்டது. ஏறிப் போனேன். மழைக்குப் பிறகு வந்த வெயில் அங்கே மட்டும்தான் விழுந்திருந்தது. ஒரு முனையை ஜெயம்மா பிடித்திருந்தாள், கட்டுப் போட்ட விரல் துணியில் படாமல் மேலே நீட்டியபடி. மறுமுனையில், சாப்பாட்டுக்கு வந்திருந்த ஏழுமலை. புகையறைக் கறுப்பெல்லாம் போய், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வெளுத்த சாரத்தோடு மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

என்னைக் கண்டதும் அவர் பதறிவிட்டார். "குளிச்சிட்டுத்தான் தொட்டேன் தங்கச்சி. ரெண்டு தரம் சோப்புப் போட வச்சிட்டா இவ. மோந்து வேணும்னாலும் பாருங்க."

"ஒங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க" என்றாள் ஜெயம்மா.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, சேலை முனையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கஞ்சி கலையவில்லை. முதல் துளி விழும் முன்பே எடுத்திருக்கிறாள். கரையில் மட்டும் கொஞ்சம் ஈரம். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "ஜெயம்மாக்கா" என்று ஆரம்பித்தேன்.

"இழுத்துப் புடி லூர்து. கரை சுருங்குது."

இழுத்துப் பிடித்தேன். கீழே ரோட்டில் கஹவத்தை பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. காற்று புகுந்து சேலை எங்கள் இருவருக்கும் நடுவே தலைக்கு மேல் எழும்பியது. அவள் முகம் மறைந்துபோனது. வெள்ளைத் துணிக்கு மேலே அந்தக் கட்டுப் போட்ட விரல் மட்டும் தெரிந்தது.