கழித்தது போக

என் மனைவி தெய்வம்மாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் நான்தான் அடிக்கிறேன் என்றார்கள். கொழுந்துக் கூடையைத் தூக்கினால் கை எலும்பு முறிகிறது, இருமினால் விலா முறிகிறது என்றால் வேறென்ன நினைப்பார்கள்? ஊர் வாயை நான் என்ன செய்ய?

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்தத் தண்ணீர் டம்ளர். சாயங்காலம் பனிமூட்டம் இறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீரை வாசற்படியில் வைப்பாள்.

"புள்ள தண்ணி கேக்குதுங்க. ஒங்களுக்குக் கேக்கலையா?"

புள்ள என்றால் எங்கள் தங்கமணி. பத்து வருஷத்துக்கு முன்னால், இலங்கைத் தோட்டத்திலிருந்து எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது, ஆறு வயதில், மண்டபம் முகாமில் செத்துப்போனவள். தலைமன்னாரில் கப்பலுக்கு நின்றபோதே அவளுக்குக் காய்ச்சல். தண்ணீர் கேட்டாள். வரிசையை விட்டால் இடம் போய்விடுமே என்று, "கப்பல்ல ஏறிக் குடிக்கலாம், சும்மா நில்லு" என்று அதட்டினேன். பாஸ்போர்ட் படத்தில் மூன்று பேர். நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் தோட்ட வேலை கிடைத்து வந்து இறங்கியது இரண்டு பேர்.

தெய்வம்மாவும் குடம் குடமாகக் குடித்தாள். தாகம் அடங்கவே இல்லை. ஊட்டியில் ஐவி என்ற டாக்டரம்மாதான் ரத்தம் பார்த்துச் சொன்னார். எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்புச்சத்து கரைந்து ரத்தத்தில் ஏறுகிறதாம். கழுத்தில் சின்னச் சின்னதாக நாலு சுரப்பி உண்டாம், அதில் ஒன்றில் கட்டியாம்.

"அப்ப அந்தக் குரலு?" என்றேன்.

"ரத்தத்துல சுண்ணாம்பு ஏறுனா மனசும் கொழம்புமுங்க. கட்டிய எடுத்தா நின்னுரும்."

பேயும் இல்லை, நானும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கோயமுத்தூரில் கழுத்தைத் திறந்து மணிக்கணக்கில் தேடினார்கள். மூன்று சுரப்பி இருந்தது, மூன்றும் நல்லது. நாலாவதைக் காணோம். தைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கும் டம்ளர் வாசற்படிக்கு வந்தது.

மெட்ராஸில் புது மெஷின் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார் ஐவி. தெய்வம்மா மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "எடுத்துட்டா அவ எப்பிடி வருவா?"

"நீ செத்துருவடி!" என்று கத்தினேன். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே படம் எடுத்தவர் ஜஸ்டஸ் என்று ஒரு தம்பி, பொறுமைசாலி. ஊசியில் ஒரு மருந்து ஏற்றி ஒரு படம், இன்னொரு மருந்து ஏற்றி இன்னொரு படம். அசையாமல் படுத்திருந்தாள். "மொத மருந்து தைராய்டுலயும் ஒட்டும், கட்டியிலயும் ஒட்டும். ரெண்டாவது தைராய்டுல மட்டுந்தான். ஒண்ணுலேர்ந்து ஒண்ணக் கழிச்சா மிச்சம் கட்டி" என்று எனக்கு விளக்கினார். திரையில் கழுத்து இருந்த இடம் மெல்ல அழிந்தது. கீழே, நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி மட்டும் நின்றது. கழுத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

எனக்குப் பாஸ்போர்ட் படம் ஞாபகம் வந்தது. மூன்றில் இரண்டைக் கழித்துப் பார்த்தேன். அங்கே நிற்க முடியவில்லை.

நெஞ்சைத் திறந்து எடுத்தார்கள். மொச்சைக்கொட்டை அளவுதான். அவள் உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து, "அப்பா, தண்ணி" என்று கேட்டது. திரும்பினேன். யாரும் இல்லை.

மறுநாள் ஜஸ்டஸைக் கெஞ்சி என் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பார்த்தார். எனக்குச் சுண்ணாம்பு சரியாகத்தான் இருக்கிறதாம்.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. தெய்வம்மா மறுபடி கொழுந்து எடுக்கிறாள். எலும்பு முறியவில்லை. ஒரு குரலும் கேட்கவில்லை என்கிறாள், அதைச் சொல்லும்போது மட்டும் முகம் வாடும். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இந்தத் தண்ணிய யாருங்க வச்சது?"

குனிந்து டம்ளரை எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும். இன்னும் குடிக்கல."