மருந்து போட்டாச்சா

ஜானகியம்மாள் என்னைக் கூடத்துக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னபோது நான் நுனியில் மட்டும் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயதில் நான் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியது இரண்டு தடவைதான். முதல் தடவை, அவர் மகன் பரத்தின் கல்யாணத்துக்கு அரிசி மூட்டை இறக்க. இரண்டாவது, பதினேழு நாளைக்கு முன்னால் நைனாவின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்த. நேற்று காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்துவிட்டார்கள். பரத்தும் மணவாள நகருக்குக் கிளம்பிவிட்டான். காலை ஷிப்ட் முடித்து எளாவூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி நான் வீடு போய்ச் சேர்ந்ததும், “அந்தம்மா உன்ன தனியா வரச் சொல்லுச்சு. வாயக் குடுத்து மாட்டிக்காத” என்றாள் என் பெண்டாட்டி சின்னப்பொண்ணு.

நைனா என்று நான் சொல்வது ஜானகியம்மாளின் புருஷன் பூவராகவனை. ஊரில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் நைனாதான். என் அப்பா அவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். அப்பாவைப் போல் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் பின்னால் வேட்டைக்குக் கிளம்பிவிடுவேன். “லீவு நாள்லகூட அந்தாளு பையத் தூக்கிக்கினு போறியே, வெக்கமா இல்ல?” என்று சின்னப்பொண்ணு கேட்பாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் உலைக்கு முன்னால் நின்று வேகிறவனுக்கு, ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அரை நாள் பேசாமல் இருப்பதை விட மனசு வராது. அவரும் பேசமாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவரிடம் இருந்தது குழாயின் வாய் வழியாக மருந்து, அதாவது வெடிமருந்து, போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. காட்டுப்பன்றிக்கு என்று வாங்கியது. லைசென்ஸில் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருக்கும். நைனா அதை வைத்துப் பாதுகாத்தது முக்கால்வாசி தன் நாக்கைத்தான். கௌதாரி, உள்ளான், பனிக்காலமானால் ஏரியில் இறங்கும் தாரா வாத்து. சட்டப்படி தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மருந்தும் ஈய ரவையும் தூக்குவது என் வேலை. இடது தோளில் மருந்துப் பை, வலது தோளில் ரவைப் பை. மறந்தும் மாற்றி மாட்டக்கூடாது. மருந்துப் பை இருக்கிற பக்கம் பீடி பற்றவைக்கக் கூடாது. டப்பா மூடியால் அளந்து மருந்தைக் குழாயில் கொட்டி, தேங்காய் நாரைச் சுருட்டிப் போட்டுக் கம்பியால் இடித்து, அதன்மேல் ரவை போட்டு மறுபடி நார் வைத்து இடிக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத நான் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனால் பல சமயம் நானே கெட்டித்து மரத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். நைனா வந்து, தட்டினால் பொறி விடுகிற ‘கேப்’ மட்டும் செருகிச் சுடுவார்.

ஜானகியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“ரெண்டு தபா கெட்டிச்சிருக்குன்னு போலீஸ்ல சொன்னாங்க. அதான் கொழா வெடிச்சிதாம்” என்றார். “நாப்பது வருசமா கெட்டிக்கிற மனுசன். உள்ள ஏற்கெனவே கெட்டிச்சிருந்தா இடிக்கிற கம்பி வெளிய தூக்கிக்கினு நிக்காதா? அவுருக்குத் தெரியாதா அது?”

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அன்னிக்குக் காத்தால நான் இன்னா சொன்னேன் தெரியுமா? நெலத்த குடோன்காரனுக்குக் குடுக்கச் சொல்லி பரத் பேப்பர் கொண்டாந்து ரெண்டு மாசம் ஆவுது. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. நீங்க இருக்கிற வரைக்கும் இந்த ஊட்டுக்கு விடிவு இல்லன்னு சொல்லிட்டேன். ஒரு வார்த்த பேசாம துப்பாக்கிய எடுத்துக்கினு போனாரு.” காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “நீதான் கூட இருந்த. தெரிஞ்சேதான் பண்ணாரா, சின்னதொர?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. துப்பாக்கியைத் தொட்டாயா என்று கேட்பார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். போலீஸில் தொடவே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கேஸ் என்று வந்தால் கம்பெனியில் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் பதினேழு நாளாக வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைத்தான் இந்த அம்மாள் இப்படிப் புரிந்துகொண்டு ராத்திரி பகலாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். நைனாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். வேட்டைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து பாட்டில் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் தண்ணீர் ஓரம் உட்கார்ந்து தாராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கெட்டித்துத் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு, இரண்டு பையையும் கிளையில் மாட்டிவிட்டு, பீடிக்காக ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். அப்போது ஜானகியம்மாளிடமிருந்து போன் வந்தது. “ஒம்போது மணியாவுது, மருந்து போட்டியா? கோச்சிக்கினு போயிட்டாரு, உன்கிட்ட குடுத்த இட்லியையாவது சாப்ட சொல்லு” என்றார். சரிம்மா என்று போனை வைத்தேன். பீடியைப் பற்றவைத்தேன். கரைக்கு அந்தப் பக்கமிருந்து நைனா குரல் கொடுத்தார்.

“மருந்து போட்டாச்சாடா?”

“இன்னும் இல்ல நைனா, தோ வர்றேன்.”

அம்மாள் அப்போதுதான் போனில் கேட்டிருந்ததால், இவரும் கண் மருந்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். எழுந்து போயிருக்கலாம். பாதி பீடியை அணைக்க மனசு வரவில்லை. அதை முழுக்க இழுத்து முடிக்கிற நேரத்துக்குள் அவர் தானே கெட்டித்துவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் அவருக்குக் கம்பி தூக்கி நின்றது தெரிந்திருக்காது. சத்தம் கேட்டபோது, எப்போதும் கேட்கிற சத்தம் இல்லை அது என்று எனக்குத் தெரிந்தது.

கேட் பாஸ் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் கெட்டித்ததை, அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை, பீடியை. போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜானகியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். முடித்ததும் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று இருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப அவுரா பண்ணிக்கல” என்றார்.

“இல்லம்மா. சத்தியமா இல்ல. நல்ல சைசு தாரா ஒண்ணு கிட்ட வந்துச்சு. அந்த அவசரத்துலதான் கெட்டிச்சாரு.”

தாரா கிட்டே வந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவர் சுவரில் சாய்ந்து சத்தம் போட்டு அழுதார். காரியத்தன்று வராத அழுகை அது. வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போலீசுக்கெல்லாம் போவாத. நீயும் புள்ளகுட்டிக்காரன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். பதினேழு நாளில் முதல் தடவையாக மூச்சு விட்டேன்.

“இட்லி சாப்ட்டாரா?” என்று கேட்டார். “போன்ல உன்கிட்ட சொன்னனே.”

“சாப்ட்டாரும்மா.”

சொன்ன பிறகுதான் பார்த்தேன், அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. எதையோ ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிறார்.

“துப்பாக்கிய கையில வச்சிக்கினு மருந்து போட்டாச்சான்னு கேட்டா, அந்த மருந்துன்னுதானே உனுக்குத் தோணும்? கண்ணு மருந்துன்னு எப்புடித் தோணுச்சு?”

“இன்னாமோ தோணிச்சும்மா. புத்தி கெட்டுப் போச்சு.”

“நான் போன் பண்ணது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“அது ரொம்ப முன்னாடிம்மா. ஒரு மணி நேரம் இருக்கும்.”

அவர் எழுந்து நைனாவின் படத்துக்குக் கீழே இருந்த போலீஸ் பேப்பரை எடுத்துவந்து மடியில் விரித்தார். சம்பவ நேரம் காலை ஒன்பது பத்து என்று அதில் எழுதியிருப்பது எனக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனைக் கையில் எடுத்தார்.

“அம்மா, உடும்மா. அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்றேன்.

அவர் கட்டைவிரலால் போன் வந்துபோன பட்டியலை மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். பதினேழு நாளாகத் துக்கம் விசாரித்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன.