ஓடுகாலி மரபணு

மெரின் ட்ரெக்லோனுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் பத்தொன்பது வருடங்களை ஒரே ஒரு மரபணுவுக்குக் கொடுத்திருந்தாள். விரல் நீளமே இருக்கும் வரிமீன் கருவாக வளரும்போது, நிறம் தரும் செல்கள் முதுகிலிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் போய்ச் சேரும். அப்படித்தான் மீனுக்குக் கோடு விழுகிறது. அந்தச் செல்களைக் கிளப்பிவிடுவது இந்த மரபணு. மெல்பர்னில் அவளுடைய ஆய்வகத்தில் அதற்கு ஓடுகாலி என்று பெயர்.

"மீனுக்குக் கோடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்ற பாவனையில்தான் அவளுடைய விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. மெரின் விடவில்லை. தோலில் வரும் கறுப்புப் புற்று பிறப்பதும் இதே நிறச் செல்லில்தான். கருவில் ஊர் சுற்றிய செல், புற்றான பிறகும் அதே வித்தையைக் காட்டித்தான் பரவுகிறது என்பது அவள் கட்சி. எட்டு வருடங்களுக்கு முன் அதை நிரூபித்துவிட்டதாகக் கட்டுரையும் எழுதினாள். தொட்டிகளில் ஒட்டிய சீட்டுகள் மாறிப்போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றாள். அதன்பின் ஒரு வருடம் எந்த மாநாட்டுக்கும் போகவில்லை.

இப்போது நாற்பத்தெட்டு மீன்கள். எல்லாவற்றுக்கும் புற்று வந்தபின், பாதி மீன்களில் மட்டும் ஓடுகாலியை வேலை செய்யவிடாமல் அணைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை நுண்ணோக்கியில் முதல் சில மீன்களைப் பார்த்தாள். தன் கண்ணை அவள் நம்பவில்லை. கல்லூரித் தோழன் ஆரிஸ் மவ்ராகிஸைக் கூப்பிட்டாள். எதிர் மருத்துவமனையில் தோல் புற்றை வெட்டி எடுப்பவன் அவன்.

சனிக்கிழமை காலை கழுத்தில் ஃபுட்டி என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் துண்டோடு ஆரிஸ் வந்து நின்றான்.

"மீன்காரம்மா, ஒரு மணிக்கு மேட்ச். பன்னெண்டரைக்கு நான் கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்."

"உக்காரு. நாப்பத்தெட்டு படம். எது எந்த மீன்னு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் கலைச்சுப் போட்டிருக்கு. பட்டியல் அந்த உறைக்குள்ள. பரவியிருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு."

"நீ?"

"நான் வாயே திறக்க மாட்டேன்."

"அதிசயந்தான்! இதையும் ஒரு படம் எடுத்து வை."

கறுப்புத் திரையில், ஒளிரும்படி செய்திருந்த புற்றுச் செல்கள் பச்சையாக மின்னின. சில படங்களில் ஒரே புள்ளியாக, சிலவற்றில் வால்வரை சிதறி. ஆரிஸின் கிண்டல் பத்தாவது படத்தோடு நின்றது. சிலவற்றை இரண்டு முறை பார்த்தான். மெரின் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகும் டிராம்களை எண்ணினாள். எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுது. பிரி."

"நீயே பிரி. எனக்குக் கை ஓடல."

அவன் உறையைக் கிழித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். மரபணுவை அணைக்காத இருபத்து நான்கு மீன்களில் இருபத்திரண்டில் புற்று பரவியிருந்தது. அணைத்த இருபத்து நான்கில் இருபத்தொன்றில் அது இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"மெரின்... நின்னுடுச்சு. ஏய், நின்னுடுச்சுடி!" அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "வாரத்துக்கு நாலு பேரைக் கிழிச்சுப் பார்த்து, ஏற்கெனவே பரவிடுச்சுன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. நீ இங்க உக்காந்து அதை நிறுத்தி வச்சிருக்கே!"

மெரின் அழுதாள், சிரித்தாள், அவன் துண்டிலேயே முகத்தைத் துடைத்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"மூணு மீன்ல மட்டும் ஏன் நிக்கல?"

"அடிப்பாவி, ஜெயிச்சிருக்கே! மூணை விட்டுத் தள்ளு."

"விடறதா? எடு அந்தப் படத்தை."

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புற்று பரவிய மற்ற மீன்களில் பச்சைப் பொட்டுகள் தோலடியில் ஊர்ந்திருந்தன. இந்த மூன்றில் மட்டும் அவை ரத்தக் குழாயை ஒட்டி வரிசையாக நின்றன.

"இன்னொரு வழி வச்சிருக்குடா!" மெரின் மேசையைத் தட்டினாள். "ஒரு கதவைச் சாத்தினா, இன்னொரு கதவு எங்க இருக்குன்னு அதுவே காட்டிக் கொடுக்குது!"

ஆரிஸ் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றே கால். துண்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "பெரிசு பண்ணிக் காட்டு" என்று திரைக்கு அருகில் குனிந்தான்.

அடுத்த மார்ச்சில் கட்டுரை வந்தபோது, அந்த மூன்று மீன்களின் படத்தை மெரின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தாள்.