மூச்சு வாங்க ஓர் இடம்

பெஞ்சு இருந்த இடத்தில் பெஞ்சு இல்லை. நடைபாதைக் கல்லில் நான்கு இடத்தில் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது, அவ்வளவுதான். ஹெர்மினே நவ்ராட்டில் காலிப் பையோடு அந்தப் பூச்சுகளுக்கு நடுவே நின்றாள். பனிக்காலக் கடைசியில் பிடித்த நெஞ்சுச்சளி அவளை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டிருந்தது. அன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள். வீட்டு வாசலிலிருந்து இந்த லிண்டன் மரம்வரை அவளுக்கு மூச்சு இருக்கும். இங்கே உட்கார்ந்து, ஓடிப்போன மூச்சு திரும்பி வந்து நெஞ்சில் அமரும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு ரொட்டிக்கடைக்கும் காய்கறிச் சந்தைக்கும் போவாள். திரும்பும்போதும் அப்படியே. நுரையீரல் பாதியாகிப் போன பிறகு அவளுடைய வியன்னா இந்தப் பெஞ்சை நடுவில் வைத்துத்தான் விரிந்திருந்தது.

மரத்தைப் பிடித்துக்கொண்டாள். நிற்க நிற்க மூச்சு இன்னும் குறைந்தது. முன்னால் போகவும் தெம்பில்லை, வந்த வழியே திரும்பவும் தெம்பில்லை. கடைசியில் பையை மடித்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெரிய மனுஷி நடைபாதையில் உட்கார்ந்தால் இந்த ஊர் சும்மா விடாது. நாயோடு வந்த பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள், உதடு நீலமாக இருக்கிறது என்றாள், ஹெர்மினே வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுவதற்குள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் மூக்கில் குழாய் வைத்தார்கள், முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார்கள். போகும்போது, சொந்தக்காரர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சாயங்காலம் மகன் ரோலண்ட் கூப்பிட்டான்.

"அம்மா, தெருவுல தரையில உக்காந்திருந்தியாமே."

"உக்கார வேற எதுவும் இல்லடா."

"அதைத்தான் நானும் சொல்றேன். இங்க வந்துடு. ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. தோட்டம் இருக்கு, காத்து இருக்கு. பெஞ்சுதான வேணும், நீ கை காட்டற இடத்துல எல்லாம் போட்டுத் தரேன்."

வேறொரு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அன்றைக்கு அவளிடம் வாதாடவும் மூச்சில்லை. "சரி," என்றாள். அவன் அந்த வார்த்தைக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தான். கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை போல. சனிக்கிழமை வந்து எந்தெந்தச் சாமானை எடுப்பது என்று பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ரோலண்டின் வீடு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், நல்ல வீடு. மருமகள் மோனிகாவும் நல்லவள். கிறிஸ்துமஸுக்கு அங்கே போய்த் தங்கியிருந்தபோது யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ரொட்டி வேண்டுமென்றால் மோனிகா கார் சாவியை எடுக்க வேண்டும். தலைவலி மாத்திரைக்கு ரோலண்ட் சாவியை எடுக்க வேண்டும். தபால் தலைக்கு, பொத்தானுக்கு, சும்மா நாலு முகம் பார்ப்பதற்குக்கூட யாராவது சாவியை எடுக்க வேண்டும். மூன்றாம் நாளே ஹெர்மினே எதையும் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டாள். தன் வாயை அவ்வளவு சீக்கிரம் மூட முடிந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. பொது நீச்சல்குளத்தில் சீட்டுக் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே அதட்டியவள் அவள்.

மகனிடம் சரி என்று சொன்ன பிறகு வந்த நாட்களில் அவள் வெளியே போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ரொட்டி வாங்கி வந்து கதவில் மாட்டினார்கள். அது அவளுக்குப் பிடித்த கசகசா ரொட்டி இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. இந்த நகராட்சிக் குடியிருப்பை ஒருமுறை கைவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். சன்னலில் நின்று பார்த்தால் லிண்டன் மரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர் முழுவதும் ஏற்கெனவே வேறு யாருக்கோ போய்விட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில், காப்பியைக் குடித்து முடித்ததும், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அதைச் சந்தைக்கு இழுத்துப்போகும் சக்கரப் பையின் மேல் கவிழ்த்து, குளியல் அங்கியின் நாடாவால் கட்டினாள். லிப்டில் இறங்கித் தெருவுக்கு வந்தாள். லிண்டன் மரத்தடியில் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்து, மூச்சு வரும்வரை காத்திருந்தாள். அது வந்தது.

தலைக்கு மேலே சன்னல் திறந்தது. தெருவை ஒட்டிய உயரமான தரைத்தளத்து வீடு, வெஸலி என்பவருடையது. முன்பு கடிகாரக் கடையில் இருந்தவர். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்லும் அளவுக்கு மட்டும் பழக்கம்.

"என்ன ஃப்ராவ் நவ்ராட்டில், மரச்சாமான் கடை திறக்கறீங்களா?"

"ஆமா. உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?"

"அங்க போடாதீங்க. அந்தப் பெஞ்சை எடுக்க வைக்கறதுக்கே எனக்கு உயிர் போயிடுச்சு."

ஹெர்மினே மெதுவாகத் தலையை உயர்த்தினாள். "நீங்களா எடுக்க வெச்சது?"

"நான்தான்."

"அப்ப நான் தரையில உக்காந்ததும் உங்களாலதான். மேல நின்னு வேடிக்கை பார்த்தீங்களா?"

சன்னல் மூடிக்கொண்டது. தோற்று ஓடிவிட்டார் என்று அவள் நினைத்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டுச் செருப்போடு தெருவுக்கே வந்துவிட்டார். சவரம் செய்யாத முகம். கையில் சமையல் துணி. சண்டைக்கு வருபவர் மாதிரி இல்லை.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். வீட்டுல இருந்திருந்தா ஓடி வந்திருப்பேன்," என்றார். "ஒரு நிமிஷம் மேல வாங்க. சில படிதான். என் கையைப் பிடிச்சுக்கோங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அவர் நீட்டிய கையை எடுக்காமல் நின்றதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்னறையில், சன்னலை ஒட்டி, உயர்த்தி இறக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று போட்டிருந்தது. அதில் அவருடைய மனைவி ட்ரௌடல் படுத்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கை போர்வையின்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. போன வருடம் இலையுதிர் காலத்தில் சிவப்புத் தொப்பியோடு சந்தையில் இவளை முந்திக்கொண்டு முள்ளங்கி வாங்கியவள். ஊருக்குப் போயிருப்பாள் என்று ஹெர்மினே நினைத்துக்கொண்டிருந்தாள். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை.

"உள்ளறை குறுகல். கட்டில் நுழையல. அதனால இங்கதான் போட முடிஞ்சுது," என்றார் வெஸலி. "கீழ பெஞ்சு. ராத்திரி ஆனா குடிக்கற ஆளுங்க பாட்டிலோட வந்துடுவாங்க. கெட்டவங்கன்னு சொல்லல. பாடுவாங்க, சிரிப்பாங்க, ஒருத்தன் அழுவான். இவ தலைமாட்டுல உக்காந்து அழற மாதிரி இருக்கும். இவளால புரண்டுகூடப் படுக்க முடியாது. ரெண்டு காதுலயும் பஞ்சு வெச்சுப் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? அந்தப் பெஞ்சைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னுதான் நான் நகராட்சியில கேட்டேன். அவங்க வந்து, பிடுங்கி, வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாங்க. திரும்ப எப்போன்னு கேட்டா, பார்க்கலாம்னு சொல்றாங்க."

ஹெர்மினேயின் கோபம் பிடிமானம் இல்லாமல் நின்றது. கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ட்ரௌடல் அவளையே பார்த்தபடி உதட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தை வர வெகுநேரம் பிடித்தது. வெஸலி குறுக்கே பேசி முடித்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார்.

"உக்... காருங்க," என்றாள் ட்ரௌடல்.

ஹெர்மினே உட்கார்ந்தாள். அன்று ரொட்டி வாங்க மதியத்துக்கு மேல்தான் போனாள்.

தெருவின் எதிர்ப்பக்கம், சற்றுத் தள்ளி, ட்ராகிட்ஸாவின் முடிதிருத்தும் கடை இருந்தது. செர்பியாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள். வியன்னாக்காரர்களைவிட நன்றாக அலுத்துக்கொள்வாள். வெஸலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, ஹெர்மினே பின்னால் போய் விஷயத்தைச் சொல்லி, அதைக் கடை வாசலில் போடலாமா என்று கேட்டாள். ட்ராகிட்ஸா கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தாள்.

"அழகான நாற்காலியா இருந்தாலும் பரவாயில்ல. இதைப் பார்த்தா கடை திவாலாயிடுச்சுன்னு நினைப்பாங்க, ஃப்ராவ் ஹெர்மினே."

"மெத்தை தைச்சுப் போடறேன்."

"சிவப்புல போடுங்க. காலையில நான் வெளிய எடுத்து வைக்கறேன், கடை மூடறப்ப உள்ள எடுத்துக்கறேன். ராத்திரி பாட்டுக் கச்சேரி வேணும்னா அவங்க வேற மேடை பார்த்துக்கட்டும்."

இதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஹெர்மினே ரொட்டிக்கடைக்குப் போகும்போது அதில் உட்கார்ந்தாள், வரும்போதும் உட்கார வந்தாள். வரும்போது காலியாக இல்லை. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து இடம் கொடுக்க, நீ உட்காரம்மா என்று இவள் சொல்ல, இருவருமே நின்று பேசினார்கள். அவள் போனதும் அந்தப் பழைய பெஞ்சுக்காரர்களில் ஒருவன், ராத்திரியில் அழுகிறவனோ சிரிக்கிறவனோ தெரியவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உட்காரலாமா என்று தூரத்திலிருந்தே கேட்டான். பகலில் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தான். உட்கார்ந்து, வெயில் பட முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டான். சாயங்காலம் வெஸலி தன் வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்தார். "சும்மாதான் கிடந்துது," என்றார், யாரும் கேட்காமலே.

சனிக்கிழமை ரோலண்ட் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். மணியடித்தான். திறக்கவில்லை. தன்னிடமிருந்த சாவியால் திறந்தான். சமையலறை மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி குறைந்தது. அம்மாவின் கைப்பேசி சன்னல் விளிம்பில் இருந்தது. படுக்கையறை, குளியலறை, பால்கனி எல்லாம் பார்த்துவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினான். லிண்டன் மரத்தடிக்கு வந்து தரையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. அதற்குள் அவனுக்கு வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"ரோலண்ட், எதைத் தேடறே?"

எதிர்ப்பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதப் பை. பக்கத்தில் ஒரு கிழவர், இருவரும் முள்ளங்கியைத் தோலோடு கடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவன் தெருவைக் கடந்து வந்தான். வெஸலி எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். அவன் பொத்தென்று உட்கார்ந்தான்.

"போனை எடுத்துட்டு வரக் கூடாதா அம்மா," என்றான் கடைசியில்.

"ரொட்டி வாங்க வந்தவளுக்குப் போன் எதுக்கு? மூச்சை இழுத்து விடு. மெதுவா. இன்னொரு தடவை."

அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ட்ராகிட்ஸா கதவு வழியே தலையை நீட்டி, "உங்க மகனா? பின்பக்கம் முடியை யாரு வெட்டினாங்க, கோடாலி வெச்சு வெட்டின மாதிரி இருக்கே," என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான். சைக்கிள்கள் போயின. ரொட்டிக்கடையிலிருந்து வந்த ஒரு ஆள் ஹெர்மினேயைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவனையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

"யாரும்மா அது?"

"தெரியாது. நேத்து அவர் இதுல உக்காந்திருந்தாரு."

அவன் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். வேலைக்கு இரண்டு மணி நேரம் காரில் போய் வருகிறவன். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்றென்று யோசிக்கிறவன் மாதிரி இருந்தான்.

"உன் வீடு பிடிக்காம இல்லடா," என்றாள் ஹெர்மினே. "அங்க ஒரு ரொட்டிக்குக்கூட உன் முகத்தைப் பார்க்கணும். இங்க உன் முகத்தை ஆசைக்குப் பார்க்கலாம்."

அவனுடைய தோள்கள் மெதுவாகக் கீழே இறங்கின. ஒருவேளை அவனும் ஏதோ ஒன்றை இவ்வளவு நாள் தூக்கிக்கொண்டிருந்தானோ என்று ஹெர்மினேக்கு அப்போதுதான் தோன்றியது.

"மோனிகா கேட்டா என்ன சொல்றது?"

"பெயிண்ட் காயட்டும்னு சொல்லு."

அவன் சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் பையிலிருந்த கசகசா ரொட்டியைக் கேட்காமலே எடுத்துப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான்.

வெஸலி திடீரென்று, "முழிச்சுட்டா," என்றார். எதிர்வீட்டுச் சன்னலைக் காட்டினார். காலையில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு வந்திருந்தார். ட்ரௌடலின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. தெரு முழுவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கையை, மிகவும் மெதுவாக, தன் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். அந்நேரம் சைக்கிளில் போன ஓர் இளைஞன், அது தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டான் போல. மணியடித்து, கைப்பிடியை விட்டுவிட்டு, பெரிதாகக் கையசைத்துக்கொண்டே போனான். அவன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அந்தக் கை கண்ணாடிக்குப் பின்னால் இறங்காமல் இருந்தது.